உடையாத கிட்டார்

சைமன் பொண்டாட்டியை அடிக்க மாட்டான். போத்தனூரில் அவன் வீட்டைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கொடுத்த நற்சாட்சி இது. குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், ஞாயிற்றுக்கிழமை பூசையில் இஸ்திரி கலையாத சட்டையோடு நின்று கணீரென்று வாசகம் வாசிப்பான். கோபம் வந்தால் மட்டும் ஜெனிதாவின் கிட்டாரை எடுத்து உடைப்பான். கல்யாணமான நாலு வருஷத்தில் மூன்று கிட்டார் போயிருந்தது. கை வைக்காத மனுஷனைப் பற்றி என்ன குறை சொல்வது என்று ஊர் வாயை மூடிக்கொண்டது. ஊருக்கென்ன, அதன் கிட்டாரா உடைந்தது.

முதல் கிட்டார் ஜெனிதா தாராபுரத்தில் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. குளியலறையிலிருந்து சைமன் துண்டு கேட்டான். அவள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட வந்தவன் அவள் மடியிலிருந்து பிடுங்கிக் கதவு நிலையில் ஒரே போடு போட்டான். கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் விழுந்தது. இரண்டாவது, பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற மெர்வின் அவள் விரல் ஓடுகிற அழகைப் புகழ்ந்த அன்றைக்குப் போனது. மூன்றாவதுக்குக் காரணம்கூட வேண்டியிருக்கவில்லை. அவளிடம் கற்றுக்கொள்ள வந்த குழந்தைகள் ஆறு பேரும் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே வந்தான், தரையில் போட்டான், மேல்பலகை பிளக்கும் வரை குதிகாலால் மிதித்தான். மறுநாளிலிருந்து நாலு குழந்தைகள் வரவில்லை.

உடைத்து முடித்ததும் அவன் முகம் தெளிந்துவிடும். தானே விளக்குமாற்றை எடுத்துச் சில்லுகளைக் கூட்டிக் கோணிப்பையில் கட்டி வைப்பான். "காலுல குத்தீரப் போகுது ஜெனி, செருப்புப் போட்டுக்க" என்பான். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவான். ஜெனிதா கம்பி அழுத்துகிற இடது கையை வலது கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு விழித்துக் கிடப்பாள். அடி எங்கே விழுந்திருக்க வேண்டியது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் தனக்குப் பதிலாக அந்த மரம் வாங்கிக்கொண்டது என்றும் தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இந்த இடத்தில்தான் அன்பியம் உள்ளே வருகிறது. கோயில் பங்கில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் இருபது குடும்பம் சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லிச் சுண்டல் சாப்பிடுகிற கூட்டத்துக்கு அன்பியம் என்று பெயர். யார் வீட்டில் சண்டை என்றாலும் முதலில் அங்கேதான் பேசுவார்கள். முதல் கிட்டாருக்குச் சைமனை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். இரண்டாவதுக்கு, அவனே புதுசு வாங்கித் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மூன்றாவதுக்கு அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் வைத்தார்கள். அந்தோனியார் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருவார், உடைந்த பொருளுக்கு அவர் என்ன செய்வார், பாவம்.

அன்பியத்தின் தலைவர் பிரகாசம், முப்பத்தைந்து வருஷம் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷர், அதில் சந்தேகமே வேண்டாம். நல்ல மனுஷர்கள் செய்கிற கெடுதல்தான் கணக்கில் வருவதே இல்லை. மில்லில் ஒரு பாகம் அடிக்கடி உடைந்தால் அந்தப் பாகத்தை வேறு உலோகத்தில் வார்த்து மாட்டுவார்கள். ஏன் உடைகிறது, யார் உடைக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தால் மில் ஓடாது. அந்தப் புத்தி அவருக்கு ஊறிப்போயிருந்தது. கார்பன் ஃபைபர் கிட்டார் மேல் ஒருவன் ஏறி நின்று ஆடுகிற வீடியோ ஒன்றைப் போனில் பார்த்தார். அடுத்த கூட்டத்தில், ஜெபம் முடிந்து சுண்டல் வருவதற்கு முன்னால், எழுந்து நின்று அறிவித்தார்.

"உடையாத கிட்டார் ஒண்ணு வந்திருக்குதுங்க. நம்ம அன்பியத்துல எல்லாரும் சேந்து ஜெனிதாவுக்கு அதை வாங்கிக் குடுத்தர்லாம். பொருள் உடையலீன்னா சண்டை எங்கிருந்துங்க வருது?"

எல்லாரும் கை தட்டினார்கள். சைமனும் கை தட்டினான். மூலையில் உட்கார்ந்திருந்த ஜெனிதா இடது கையை வலது கைக்குள் பொத்திக்கொண்டாள்.

டவுன்ஹால் பக்கம் முஜீபின் கடைக்கு அவளைப் பிரகாசமும் அவர் மனைவி விமலாராணியும் கூட்டிப்போனார்கள். ஆர்மோனியமும் தபேலாவும் அடைத்துக்கிடந்த கடையின் உள்ளறையில் முஜீப் இரண்டு கிட்டாரை மேசைமேல் வைத்தார். ஒன்று மரம். மேல்பலகை வெளிர் மஞ்சள், முதுகும் விலாவும் ஈட்டி மரம். இன்னொன்று முழுக்கக் கருப்பு, வெளிச்சம் பட்டால் பாய் பின்னின மாதிரி கட்டம் கட்டமாக மின்னியது.

"ரெண்டையும் வாசிச்சுப் பாருங்க சிஸ்டர்" என்றார் முஜீப். "கையும் காதும் சொல்றதைக் கேளுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

அவள் கருப்புக் கிட்டாரை முதலில் எடுத்தாள். தூக்கியதும் எடையே தெரியவில்லை, ஒற்றைக் கையில் நின்றது. சத்தம் பெரிதாக, சுத்தமாக வந்தது. ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்டன. குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மரத்தை மடியில் வைத்து ஒரு கார்டு பிடித்து மெதுவாக மீட்டினாள். அது முதலில் அவள் நெஞ்சு எலும்பில் அதிர்ந்து, அப்புறம்தான் காதுக்கு வந்தது. மீட்டி விட்ட பிறகும் கொஞ்ச நேரம் மடியில் அசைந்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. நாலு வருஷத்தில் இப்படி ஒன்றை அவள் மடியில் வைத்ததில்லை.

"மரம் வேற மாதிரி பேசுமுங்க, நான் இல்லேங்கல" என்றார் முஜீப். "ஆனா நம்மூரு காத்துக்கு ஆடி மாசம் உப்பும், பங்குனில வெடிக்கும். கொழந்தை மாதிரி பாத்துக்கோணும். இது அப்படியில்லீங்க. வெயில்ல போடுங்க, மழையில போடுங்க, சுருதி மாறாது." சொல்லிவிட்டுக் கருப்புக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து மேசை விளிம்பில் ஓங்கித் தட்டினார். மேசைதான் ஆடியது. விமலாராணி வாயைப் பிளந்தாள். பிரகாசம் தாமே கண்டுபிடித்த பொருள் மாதிரிச் சிரித்தார்.

ஜெனிதா மரக் கிட்டாரை மடியிலிருந்து இறக்கவில்லை. "அங்கிள், எனக்கு இதே போதுமுங்க" என்றாள்.

"அது உடையும் கண்ணு."

"உடைஞ்சா உடையட்டுமுங்க." பிறகு முஜீபுக்குக் கேட்காதபடி குரலைத் தணித்துக்கொண்டு, இத்தனை நாள் சொல்லாததைச் சொன்னாள். "இது உடையலீன்னா அவரு எதை உடைப்பாருங்க, அங்கிள்?"

பிரகாசம் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குப் புரிந்திருக்கலாம். புரிந்துகொண்டால் அதற்கப்புறம் ஏதாவது செய்தாக வேண்டும், அதுதான் தொந்தரவு. "உடைக்கறதுக்கு ஒண்ணுமில்லீன்னா பழக்கம் தானா உட்டுப்போகும் அம்மணி. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்றார். முஜீபைப் பார்த்து, "கருப்புக் கிட்டாரையே கட்டுங்க பாய்" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் முதல் வாரம் கிட்டாரைக் கொடுத்தார்கள். கொடுத்ததோடு விட்டார்களா என்றால் இல்லை. சைமன் கையாலேயே மனைவிக்குக் கொடுக்க வைத்து, அதைப் படம் எடுத்து, பங்கின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். படத்தில் சைமன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். பிடித்திருந்த விரல்களின் முட்டி மட்டும் வெளுத்திருந்ததை ஜெனிதா பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கிட்டார் ஒரு காட்சிப் பொருள். பூசை முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். "இதுதானுங்களா அக்கா உடையாத கிட்டாரு?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சைமனைத் திரும்பிப் பார்ப்பார்கள். பெரியவர்கள் வாயால் கேட்கவில்லை, பார்ப்பது மட்டும் பார்த்தார்கள். இத்தனை வருஷம் நாலு சுவருக்குள்ளும் ஜெபக் கூட்டத்துக்குள்ளும் அடங்கிக் கிடந்ததைக் கருப்பு வார்னிஷ் அடித்துத் தோளில் மாட்டி ஊர்வலம் விட்டது அன்பியம். ஐந்து வாரம் சைமன் வாயே திறக்கவில்லை. மாறிவிட்டான் என்று பிரகாசம் பூரித்துப்போனார். ஜெனிதாவுக்குப் பயத்தில் சோறு இறங்கவில்லை. தாராபுரத்துக்குப் போன் செய்தாள். "அதான் உடையாததே வாங்கிக் குடுத்திட்டாங்களே, இன்னுமென்ன?" என்று கேட்டாள் அவள் அம்மா.

குருத்தோலை ஞாயிறன்று வாசலில் மெர்வின் சைமன் தோளில் கை போட்டான். அவனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, புத்திதான் கொஞ்சம் மட்டு. "ஏனுங்கண்ணா, நீங்க பம்ப் கம்பெனில டெஸ்டிங்லதான இருக்கறீங்க. இதை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சைமனும் சேர்ந்து சிரித்தான். வண்டியில் வீடு வரும்வரை அவன் முதுகு அசையவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஜெனிதா, தோளில் தொங்கிய கிட்டாரின் வாரைப் பிடித்தபடி வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சைமன் முன்கதவைப் பூட்டிச் சாவியைப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டான். சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தான். கிட்டாரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். அங்கே துணி துவைக்கிற கல் இருந்தது.

"இங்க வந்து நில்லு ஜெனி" என்றான். "எங்க கம்பெனில வார்க்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு லிமிட் இருக்குது. அதைத் தாண்டினா உடையும். இதுக்கும் இருக்கும். இல்லாம இருக்காது."

கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து, மண்வெட்டி ஓங்குவது போல ஓங்கிக் கல்லில் அடித்தான். கிட்டார் துள்ளி எழும்பியது. இரண்டு கம்பி அறுந்து ஒன்று அவன் கன்னத்தைக் கிழித்தது. மறுபடி அடித்தான். கல்லின் ஓரம் பெயர்ந்தது. அடி ஒவ்வொன்றும் அவன் தோளுக்கே திரும்பி வந்தது. அவள் சமையல்கட்டு வாசலில் நின்று, உதடு அசையாமல் வேண்டிக்கொண்டிருந்தாள். அந்தோனியாரே, உடையட்டும். உடைஞ்சு போகட்டும். தன் கிட்டார் உடைய வேண்டும் என்று ஒருத்தி வேண்டிய வேண்டுதல் அது. அப்படி அவளை வேண்ட வைத்தவர்களை என்ன செய்தால் தகும்.

உடையவில்லை. அவன் டூல்ஸ் பெட்டியைத் திறந்து சுத்தியலை எடுத்தான். கிட்டாரைக் கல்லில் கிடத்தி மேல்பலகையில் அடித்தான், விலாவில் அடித்தான், கழுத்து சேருகிற இடத்தில் ஏழெட்டு அடி அடித்தான். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தது. அவ்வளவுதான். வியர்வை அவன் மூக்கு நுனியில் சொட்டியது. மேல் மாடியில் வீட்டுக்காரர் நரசிம்மலு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். மூன்று கிட்டாருக்கும் அவர் அதைத்தான் செய்திருந்தார்.

சைமன் நிறுத்தினான். கிட்டாரைத் தள்ளிவிட்டான், அது கல்லுக்குக் கீழே விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தான். அவன் கண் கிட்டாரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது, அவள் முகத்தைக்கூட அல்ல, கையை.

"எடங்கையைக் குடு."

அவள் உள்ளே ஓடினாள். முன்கதவு பூட்டியிருந்தது. கதவை அறைந்தாள், மாடிக்குக் கேட்கும்படி கத்தினாள். அவன் அவசரப்படாமல் வந்து, சடையைப் பிடித்து, பின்கட்டு வரை தரையோடு இழுத்துக்கொண்டு போனான். அவள் முதுகில் முழங்காலை ஊன்றி, இடது மணிக்கட்டைப் பிடித்துக் கல்லில் அழுத்தினான். விரல்களை மடக்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாக நிமிர்த்தினான்.

"ஊரே சிரிக்குது ஜெனி. எல்லாம் இந்தக் கையாலதான்" என்றான். திட்டக்கூட இல்லை, விளக்கம் சொல்கிற குரலில் சொன்னான்.

சுத்தியல் நடுவிரலிலும் மோதிரவிரலிலும் விழுந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு முன்பே பழக்கம், மரம் முறிகிற அதே சத்தம். வலி அதற்கப்புறம்தான் வந்தது, வந்தபோது கண் இருண்டது. அவன் மறுபடி ஓங்கினான். ஓங்குவதற்காக முழங்காலைக் கொஞ்சம் எடுத்தான்.

அவளுடைய வலது கை கல்லுக்குக் கீழே துழாவிக்கொண்டிருந்தது. எதைத் தேடுகிறோம் என்று நினைத்துத் தேடவில்லை. கழுத்து கைக்குள் வந்ததும் பிடித்துச் சுழற்றினாள். முதல் அடி, சுத்தியல் பிடித்த மணிக்கட்டில். சுத்தியல் தெறித்துப் பக்கத்திலிருந்த வாளிக்குள் விழுந்தது. அவன் நம்ப முடியாமல் தன் கையைப் பார்த்துக்கொண்டு எழுந்தான். இரண்டாவது அடி நெற்றியில். கிட்டாரின் விளிம்பு பட்டுத் தோல் பிளந்தது, ரத்தம் கண்ணில் இறங்கியது. மண்டி போட்டு விழுந்தவன் வாளியை நோக்கி இடது கையை நீட்டினான். விரல் சுத்தியலைத் தொட்டது. மூன்றாவது அடியை அவள் எழுந்து நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு, குறி பார்த்துத் தோளில் இறக்கினாள். அவன் அலறினான். அந்த அலறல் அவளுக்கு இனிப்பாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் கேட்ட நல்ல சத்தம் அது ஒன்றுதான்.

ஆம்பிளை அலறிய பிறகுதான் மாடியில் டிவி நின்றது. நரசிம்மலு ஓடி இறங்கிவந்து கதவைத் தட்டினார். "என்னாச்சுங்க, என்னாச்சு?" என்று கேட்டார். ஜெனிதா சைமனின் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு, அவர் காலடியிலேயே மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலுக்கும் கம்பி வைத்துக் கட்டினார்கள். மறுபடி வாசிக்க முடியுமா என்று கேட்டாள். மூன்று மாசம் போகட்டும் என்றார் டாக்டர். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே நம்பிக்கை இல்லை. வாக்குமூலம் வாங்க ஒரு பெண் போலீஸ் வந்து வெளியே பெஞ்சில் காத்திருந்தார். அவருக்கு முன்னால் பிரகாசம் உள்ளே வந்துவிட்டார். கையில் சாத்துக்குடிப் பையும், நாலாக மடித்த ஒரு தாளும் இருந்தன.

அவள் கட்டைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியது. சாத்துக்குடிப் பையைக் கட்டிலோரம் வைத்தார்.

"அவனுக்கு நெத்தியில ஒம்போது தையல் கண்ணு. மணிக்கட்டும் தோள்பட்டையும் முறிஞ்சிருக்குது. அப்படியும் உன்ற மேல கேஸ் வேண்டாம்ங்கறான். மன்னிச்சுப்போட்டானாம்."

ஜெனிதா கட்டுப் போட்ட கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"கேஸ் வேண்டாம்னு நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுட்டீன்னா இத்தோட முடிஞ்சு போகும். வெள்ளிக்கிழமை வந்தா பெரிய வெள்ளி, அதுக்குள்ள ஊரு வாயில உழுகாம முடிச்சரோணும். அன்பியத்துலயும் பேசி முடிவு பண்ணிட்டோம். அந்தக் கருப்புச் சனியனை பாய்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, நீ அன்னிக்கு மடியில வெச்சிருந்தியே, அந்த மரக் கிட்டாரே வாங்கிக் குடுத்தர்றோம்." அவர் தாளைப் பிரித்து அவள் வலது கைப்பக்கம் வைத்தார். "மரமா இருந்திருந்தா இத்தனை ஆயிருக்காது கண்ணு. நீ சொன்னே, நாந்தான் கேக்கலை. அந்தத் தப்பு என்றதுதான்."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, அசதியாக இருந்தது. இந்த மனுஷர் உண்மையாகவே வருந்துகிறார். வருந்திக்கொண்டே, அடுத்த அடியை வாங்கிக்கொள்ளத் தோதாக இன்னொரு மரத்தைத் தேடுகிறார்.

"மரமா இருந்திருந்தா மொத அடிக்கே உடைஞ்சு போயிருக்குமுங்க அங்கிள்" என்றாள். "எனக்கு மூணு அடி வேண்டியிருந்துச்சு."

பிரகாசம் தாளை எடுக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

"கிட்டாரை யாருக்கும் குடுக்க வேண்டாமுங்க" என்றாள் ஜெனிதா. "போற வழியில, வெளிய உக்காந்திருக்கற அந்தம்மாவை உள்ள வரச் சொல்லுங்க."